சிட்டுவின் நாலாவது கால்

கல்லுப்பும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய வெந்நீரின் வாடை வீடு முழுக்க நிறைந்திருக்கிறது, பாய். என் குதிகாலில் உடைமுள் ஏறி இன்றோடு நாலு நாள். பிடுங்கிப் போட்டாச்சு என்று நினைத்தேன். நுனி உள்ளேயே நின்றுவிட்டது போல. ஊன்ற முடியவில்லை, உயிர் போகிறது. வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த வாளி என்று கேட்டால் உமக்கே தெரியும், அடியில் ஈயம் பற்றவைத்த அதே தகர வாளி. வீட்டில் வேறு ஏனம் இல்லாமலா செல்லக்கனி இதைத் தேடி எடுத்து வந்தாள்? தண்ணீரை ஊற்றிவிட்டு, "சூடு போதுமா? குதிரைக்குன்னா பாய் அண்ணன் மொதல்ல முழங்கைய விட்டுப் பாப்பாவ" என்றாள். அவ்வளவுதான். எட்டு வருஷமாக என் வீட்டுக்காரி இப்படித்தான், ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

படிக்கத் தெரியாத மனுசனுக்குக் கடுதாசி எழுதுகிற கிறுக்கன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதிலும் நீர் மண்ணுக்குள் போய் ஏழு மாசம் ஆகிவிட்டது. ஆனால் எனக்குக் கைவந்தது எழுத்து ஒன்றுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்துவிட்டு ஜட்கா வண்டி ஓட்ட வந்திருக்கிறான் பார் என்று ஸ்டாண்டில் எல்லாரும் என்னைக் கேலி பண்ணுவார்கள். நீர் ஒருத்தர்தான் அதைப் பெருமையாக நினைத்தீர். உலகச் சண்டைக் காலத்தில் உம் லாடக் கொட்டகையில் உட்கார்ந்து தினமும் பேப்பர் வாசிப்பேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பீர். "நீரு வாசிச்சா நெசமாத்தாம்வே இருக்கும்" என்பீர். பேப்பர்க்காரன் பொய்யும் போடுவான் பாய் என்று சொன்னால், "பேப்பர யாரு நம்புனா? நான் உம்மையில்லா நம்புதேன்" என்று சிரிப்பீர். அப்போது அது எனக்கு இனித்தது.

எட்டு வருஷத்துக்கு முந்தி அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் என் குதிரை சிட்டுவுக்கு நீர்தான் புது லாடம் அடித்தீர். அதற்கு அப்போது ஆறு வயசு. எனக்குக் கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகவில்லை. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து மோட்டார்கள் முடங்கிக் கிடந்ததால் ஹார்பருக்கும் ரயிலடிக்கும் போகிறவர்கள் ஜட்காவைத்தான் தேடினார்கள். சிட்டு நடந்தால் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும், இல்லாவிட்டால் இல்லை. நீர் அதன் காலைத் தூக்கித் தொடையிடுக்கில் வைத்து, ஆணியை அடிக்கும்போது தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பீர். அந்த நேரம் கொட்டகையில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. குளம்பின் கெட்டி ஓட்டில் ஏறுகிற ஆணி கணீரென்று பேசும், உயிர்ச்சதைப் பக்கம் திரும்பிவிட்டால் ஊமையாகிவிடும் என்பீர். "இந்தா, பேசுது கேளும்" என்று ஒவ்வொரு ஆணிக்கும் எனக்குக் கண்ணைக் காட்டினீர். வலது முன்னங்காலில் ஏழு ஆணி. ஏழும் பேசியது என் காதிலும் விழுந்தது. அதற்கு நான் சாட்சி.

லாடம் அடித்த அன்று சாயங்காலம் குதிரையைக் கடலில் முழங்கால் ஆழத்துக்கு நிறுத்துவது நம்ம ஊர் வண்டிக்காரர்களுக்கு வழக்கம். உப்புத்தண்ணி பட்டால் கால் இறுகும் என்பார்கள். அதற்கென்று நல்ல மணல் கரை இருக்கிறது. திரேஸ்புரத்தைத் தாண்டி வடக்கே போனால் சிப்பித்திட்டு. முன்னே முத்துச்சிப்பியைக் குவித்து அழுகவிட்டுக் கழுவின இடம். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷமாகியும் மணலுக்கடியில் சிப்பி ஓடு கத்தி மாதிரிக் கிடக்கும். குதிரையை அந்தப் பக்கம் கொண்டுபோகிறவன் வண்டிக்காரனே இல்லை. அன்றைக்கும் நீர் சொன்னீர், "மணக்கரையிலயே நிறுத்தும்வே. சிப்பித்திட்டுப் பக்கம் போயிராதேயும்." எனக்குத் தெரியாதா பாய் என்றேன்.

தெரிந்துதான் போனேன். செல்லக்கனி புதுக்கோட்டைக்காரி. கடலை அவள் கண்ணாரப் பார்த்ததே எனக்கு வாக்கப்பட்ட பிறகுதான். குதிரை தண்ணீரில் பாய்ந்து ஓடுகிற அழகைக் காட்டுகிறேன் வா என்று நானாகத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அவள் கேட்கக்கூட இல்லை. மணல் கரையில் மற்ற வண்டிக்காரர்கள் இருப்பார்கள், பெண்டாட்டியைக் கூட்டிவந்து சர்க்கஸ் காட்டுகிறான் என்று சிரிப்பார்கள். அதனால் ஆளில்லாத சிப்பித்திட்டுக்கு வண்டியை விட்டேன். சிட்டுவை அவிழ்த்து, முதுகில் ஏறி, கரையோரத் தண்ணீரில் விரட்டினேன். செல்லக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது தடவை திரும்பும்போது சிட்டு தலையை உதறி, வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஊன்றியது. நான் இறங்கிக் குளம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா, அவ்வளவு மினுக்கு எனக்கு.

மூன்றாம் நாள் காலையில் கொள்ளு வைக்கப் போனேன். சிட்டு திரும்பிப் பார்க்கவில்லை. வலது முன்னங்காலின் நுனி தரையில் பட்டும் படாமலும் நின்றது. கழுத்தைப் பிடித்து நகர்த்தினால் மூன்று காலில் குதித்தது. குளம்பைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது. முந்தின நாள் சாயங்காலம்வரை சவாரி போன குதிரை. கால் போன குதிரைக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையூரணிக்கு அந்தாண்டை உடைமரக் காட்டில் எவனோ அவிழ்த்துவிட்டுப் போன நொண்டிக் குதிரையை நானே பார்த்திருக்கிறேன். எட்டினவரைக்கும் சுற்றிச் சுற்றிப் புல்லைத் தின்றுவிட்டு, அந்த வட்டத்துக்கு நடுவிலேயே விழுந்து கிடந்தது.

கவலை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கண்டேன். நின்றால் உட்காரச் சொல்கிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது. சிப்பித்திட்டு ஞாபகம் வந்தது, பாய். வரவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டு, லாடம் அடித்து மூணு நாள்தானே ஆச்சு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுமே நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. அந்தச் சுகத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. கவலையை வைத்துக்கொண்டு ஒரு நாழிகை சும்மா இருக்கத் தெரியாமல், அதைத் தூக்கி உம் தலையில் வைக்க ஓடி வந்தேன்.

கொட்டகையில் நாலைந்து வண்டிக்காரர்கள் இருந்தார்கள். நீர் ஒரு மட்டக்குதிரையின் காலைத் தூக்கிப் பிடித்திருந்தீர்.

"ஆணியச் சதையில ஏத்திட்டீரே பாய். எங்குதிரைய மூணு காலாக்கிட்டீரே" என்று வாசலில் நின்று கத்தினேன்.

"சத்தம் சரியாத்தானவே இருந்திச்சு. ஏழும் பேசிச்சே" என்றீர்.

"பேசிச்சாம். அங்கன வந்து பாரும், அது பேசுத பேச்ச."

ஸ்டாண்டிலேயே மூத்த வண்டிக்காரர் அண்ணாச்சி, "ஏலே, மெதுவாப் பேசுல. பாய் கை அப்பிடித் தப்பாது" என்றார். அவரையும் நான் விடவில்லை. "ஒம்ம குதிரைக்கு வந்தாத்தான் ஒமக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றேன். நீர் அந்த அவசரத்திலும் மட்டக்குதிரையின் காலைப் பதமாகத் தரையில் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் என் பின்னால் ஓடி வந்தீர்.

எங்கள் முற்றத்தில் குந்தியிருந்து ஏழு ஆணியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தீர். முகர்ந்தும் பார்த்தீர். ஒன்றில் லேசாக ஈரம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, "கடல்ல எங்கனவே நிறுத்துனீரு?" என்று கேட்டீர்.

"மணக்கரையிலதான்."

நிலைப்படியில் செல்லக்கனி நின்றாள். அவள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். நான் சிட்டுவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் அந்த ஆணியை வெகுநேரம் உருட்டிவிட்டு, "அப்ப எங்காது பொய் சொல்லிட்டுவே" என்றீர்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் நீர் பட்ட பாடு இருக்கிறதே. காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், அசருக்குத் தொழுதுவிட்டுச் சாயங்காலம் ஒருதரம். உப்பும் வேப்பிலையும் போட்ட வெந்நீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, சிட்டுவின் காலை வாளிக்குள் வைத்து, அது உதறாமல் இருக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே நிற்பீர். பிறகு தவிட்டைச் சுடச்சுடக் குழைத்துக் குளம்பில் வைத்துச் சாக்குத்துணியால் கட்டுவீர். மடியில் வெல்லக்கட்டி இருக்கும். கொட்டகையில் வேலை கெட்டுக் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. சிட்டு காலை மாற்றி வைக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பேன். நீர்தான் எனக்கும் தேறுதல் சொன்னீர். "உள்ள சீழு கட்டிக் கெடக்குவே. வெளிய வர வழி தேடுது. வழி கெடைச்சிட்டா வலி நின்னுரும். நீரு போய் ரெண்டு வாய் சாப்பிடும்." நான் உமக்கு ஒரு வாய்க் காப்பித்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. முகம் கொடுத்துப் பேசவுமில்லை. செல்லக்கனிதான் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கட்டைப் பிரித்தேன். தவிடெல்லாம் கறுப்பாகி நாறிக் கிடந்தது. அடிக்குளம்பில் ஒரு துளை திறந்து சீழ் ஒழுகிக்கொண்டிருந்தது. சிட்டு காலை ஊன்றி நின்றது. நான் அழுதுவிட்டேன். துளையைக் கழுவும்போது விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் சிப்பித்துண்டு, புளியங்கொட்டையில் பாதி இருக்கும். கழுவினதும் ஒரு பக்கம் முத்து நிறத்தில் மின்னியது. நிமிர்ந்தால் செல்லக்கனி வெந்நீர்ச் சட்டியோடு நிற்கிறாள்.

"பாய் அண்ணன்ட்ட சொல்லிருங்க" என்றாள்.

"சொல்லுதேன்" என்று அதைப் பொடி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

அரைமணி நேரத்தில் நீர் வந்தீர். சிட்டு நாலு காலில் நிற்பதைப் பார்த்து அல்லாவுக்கு நன்றி சொன்னீர், என் தோளைப் பிடித்து உலுக்கினீர். உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்ததும் உம் புருவம் சுருங்கியது.

"இது ஆணி போன வழி இல்லையேவே. ஒரு வெரல்கடை உள்ள தள்ளில்லா தொறந்திருக்கு."

சொல்லியிருக்கலாம். வாயில் வந்து நின்றது. ஆனால் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் கத்தினவன் எந்த மூஞ்சியோடு திரும்பிப் போவான் என்று நினைத்தேன். பெண்டாட்டிக்குப் படம் காட்டப் போய்க் குதிரையைக் கெடுத்தவன் என்று ஊர் சிரிக்குமே என்று நினைத்தேன்.

"ஆணித் தொளை வழியாத்தான் மொதல்ல வழிஞ்சிது பாய். பொறவுதான் அங்கன வெடிச்சுது. நான் கண்ணால பாத்தேன்."

"நீரு பாத்தீரா?"

"பாத்தேன்."

"அப்பச் சரி" என்றீர்.

அவ்வளவுதான் பாய். பேப்பரில் போட்டதை நான் வாசித்தால் நம்புகிற மாதிரியே இதையும் நம்பிவிட்டீர். உம் கண்ணும் காதும் வேறு சொல்லியும், என் வாயை நம்பினீர்.

ஒரு மாசத்தில் சிட்டு பழையபடி ஓடியது. நீர்தான் ஓடவில்லை. ஆணி அடிக்கும்போது தலையைச் சாய்த்துக் கேட்பீர், பிடுங்குவீர், மறுபடி அடிப்பீர், மறுபடி பிடுங்குவீர். பயந்து பயந்து மேலோட்டமாக அடித்ததில் லாடங்கள் ரோட்டில் கழன்று விழுந்தன. வண்டிக்காரர்கள் ஒவ்வொருத்தராக வேறு ஆளிடம் போனார்கள். நான் போகவில்லை, நாலு லாடமும் உம்மிடமே அடிக்கணும் என்று சிட்டுவைக் கொண்டுவந்து நிறுத்தினேன். பெரிய மனசாம். மூன்று காலுக்கு அடித்துவிட்டு, வலது முன்னங்காலைத் தொடாமல் எழுந்தீர். "இந்தக் காலுக்கு மட்டும் வேற ஆளு பாத்துக்கிடும்வே. இது என்ன மன்னிக்காது" என்றீர். ரெண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. மூன்று கால் உம்மிடம், நாலாவது கால் இன்னொருத்தரிடம். ஒரு குதிரைக்கு ரெண்டு லாடக்காரர் வைத்தவன் என்று ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

அப்புறம் நீர் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு உப்பு மூட்டை தூக்கப் போய்விட்டீர். வெள்ளைக்காரன் போனான், பேப்பரில் என்னென்னவோ வந்தது, வாசித்துக் காட்டத்தான் கொட்டகை இல்லை. ரோட்டில் பார்த்தால் முதலில் சிட்டுவிடம்தான் போவீர். குனிந்து அந்தக் காலைத் தடவிவிட்டுத்தான் என்னிடம் பேச்சு. ஒருநாள் சொல்லியே தீருவது என்று டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். நீர் டீக்கடையில் நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தீர். சந்தோஷமாக இருக்கிற மனுசனைக் கிளற வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். உமக்காகத் திரும்பினேன் என்றுதான் செல்லக்கனியிடம் சொன்னேன்.

உம்மை அடக்கம் பண்ணின அன்று எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள். சிப்பித்துண்டு என் கைக்குள் இருந்தது. மண்ணோடு மண்ணாக அதையும் உம்மோடு போட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். பக்கத்தில் நிற்கிறவன் பார்த்து என்னவென்று கேட்டுவிட்டால் என்று அங்கேயும் பயம். வெறும் மண்ணைப் போட்டேன்.

ஆனால் அதைவிடக் கேவலம் மூன்றாம் நாள் நடந்தது. துக்கம் கேட்க உம் வீட்டுக்கு வந்திருந்தேன். உம் வீட்டுக்காரி திரைக்கு அந்தப்பக்கமிருந்து பேசினாள். "கடைசிவரைக்கும் அந்தக் குதிரைக் காலத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாவ அண்ணே. அன்னைக்கு அவுஹ கை தப்புனது நெசந்தானா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மனுசந்தானே தங்கச்சி. கை தப்புறது உண்டு. நான் அத மனசுல வச்சுக்கிடலை" என்றேன்.

உம்மை நான் மன்னித்தேன், பாய். உம் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, உம் பெண்டாட்டியிடமே உம்மை மன்னித்துவிட்டு வந்தேன். திரைக்குப் பின்னால் அவள் அழுதது கேட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக நான் வண்டியை ஓட்டுவதில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டுச் செல்லக்கனியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். கையில் கரண்டியோடு நின்று முழுசாகக் கேட்டாள்.

"பாய் அண்ணனுக்கு எழுதி என்ன செய்ய? இத அவுக வீட்டு மதினிக்கில்லா வாசிக்கணும். பொறவு ஸ்டாண்டுல."

"கால் ஆறட்டும். ஆறுனதும் போறேன்."

"கால் ஆறுனா நீங்க போவமாட்டிய" என்றாள்.

சொல்லிவிட்டு இந்தத் தடவை அடுப்படிக்குள் போகவில்லை. கரண்டியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் சிட்டுவை அவளே வண்டியில் பூட்டுகிறாள். கல்தரையில் அதன் கால்சத்தம் கேட்கிறது. நாலும் ஒரே மாதிரித்தான் கேட்கின்றன. நான் காலைத் துடைத்துத் துணி சுற்றிவிட்டேன். பொடி டப்பா சட்டைப்பையில் இருக்கிறது. எட்டு வருஷமாக எந்தச் சட்டை மாற்றினாலும் அதுவும் கூடவே மாறுகிறது.

உம் வீட்டுக்காரிக்கும் படிக்கத் தெரியாது. திரைக்கு இந்தப்பக்கம் நின்று நான்தான் சத்தமாக வாசிக்கணும். நான் வாசித்தால் நெசமாகத்தான் இருக்கும் என்று நீர் சொல்லிவைத்திருப்பீர், அவளும் நம்புவாள். ஏழு ஆணியும் பேசின, பாய். உம் காது கேட்டது சரிதான்.